வாட்டும் வால்வும்

மின்கித்தார்: நாதமும் யந்திரமும் – 9

சென்ற வாரம், கித்தாரின் தந்திகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப்பில் பிறக்கும் மின்சாரம் எவ்வளவு மெலிந்தது என்பதையும், அதைப் பெருக்கிக் கொடுக்க ஒரு யந்திரம் துணை நில்லாவிட்டால் அந்த வாத்தியம் அறையின் மறு மூலைக்குக்கூடக் கேளாது என்பதையும் பார்த்தோம். இந்த வாரம் அந்த யந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்துக்கு வருகிறோம். அதிலும், ‘ஹை கெயின்’ என்று வாத்தியக்காரர்கள் சொல்லும் அந்த உக்கிரமான, உறுமுகிற நாதத்தை, கச்சேரி மேடையில் அல்லாமல் வீட்டுக்குள்ளேயே, அண்டை வீட்டாருடைய நித்திரைக்குப் பங்கம் வராமல் எழுப்ப விரும்புகிறவர் எப்படிப்பட்ட வால்வு ஆம்ப்ளிஃபயரை வாங்க வேண்டும் என்பதே நம் கேள்வி. கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதன்முதலில் விசாரிப்பது வாட் கணக்கைத்தான். என் அபிப்பிராயத்தில் கடைசியாக விசாரிக்க வேண்டியது அது.

காரணம் விளங்குவதற்குக் கொஞ்சம் பூர்வகதை தேவைப்படுகிறது. லண்டனின் மேற்குப் புறத்தில் ஹான்வெல் என்ற இடத்தில் டிரம் வாத்தியக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், தம் கடைக்கு வந்துபோன இளைஞர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி, அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மன் என்ற யந்திரத்தை முன்மாதிரியாக வைத்து, 1962-ஆம் ஆண்டில் தம் உதவியாளர்களைக் கொண்டு ஓர் ஆம்ப்ளிஃபயரைச் செய்வித்தார். ‘தி ஹூ’ கோஷ்டியைச் சேர்ந்த பீட் டவுன்ஷெண்ட் போன்றவர்கள் இது போதாது, இன்னும் சப்தம் வேண்டும் என்று நச்சரிக்கவே, 1965 வாக்கில் 100 வாட் யந்திரமும் பிறந்துவிட்டது. அந்த யந்திரங்களில் கடைசிக் கட்டத்துப் பெரிய வால்வுகள் தங்கள் சக்திக்கு மேல் உழைத்துத் திணறும்போதுதான் நாம் விரும்புகிற கரகரப்பு நாதத்தில் ஏறும். அவை திணறும்போதோ மண்டபமே அதிரும். கரகரப்பு வேண்டுமென்றால் சப்தத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் ஆக வேண்டும் என்ற நிலைமை.

இந்தக் கரகரப்பு எங்கிருந்து வருகிறது? காற்று நீக்கிய கண்ணாடிக் கூட்டுக்குள், பழுக்கக் காய்ந்த கேதோடிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள், சில நூறு வோல்ட் மின்னழுத்தத்தில் இருக்கும் பிளேட்டை நோக்கிப் பாய்கின்றன. நடுவில் இருக்கும் கிரிட் என்ற கம்பி வலையில் கித்தாரின் மெல்லிய மின்சாரம் ஏறி இறங்க, அந்தப் பெரும் பாய்ச்சலும் அதற்கு ஏற்பக் கூடிக் குறைகிறது. வருகிற அலை வால்வு தாங்கக்கூடிய அளவை மீறினால் அதன் உச்சி சீவப்படுகிறது. தம்பூராவின் மந்தர ஸட்ஜமத்தை மீட்டும்போது யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாகக் காதில் விழுவதைச் சங்கீத ரசிகர்கள் அறிவார்கள். உச்சி சீவப்பட்ட அலையிலும் அப்படியே, ஆனால் வெகு முரட்டுத்தனமாக, புதிய உபஸ்வரங்கள் கிளம்புகின்றன. ஸட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்தால் அந்த உபஸ்வரங்கள் ஒன்றுக்கொன்று இசைந்துபோகும். காந்தாரத்தையும் சேர்த்தால் மோதிக் குழம்பும். மெட்டல் சங்கீதக்காரர்கள் காந்தாரத்தை விலக்கிவிட்டு, ‘பவர் கார்டு’ என்ற இரண்டு ஸ்வரக் கூட்டையே பெரிதும் கையாளுவதற்கு இதுவே முக்கிய காரணம்.

அப்படியானால் ஹை கெயின் யந்திரத்தின் சரித்திரம் முழுவதையுமே, கரகரப்பைச் சப்தத்திலிருந்து பிரித்தெடுக்க மனிதர்கள் கையாண்ட உபாயங்களின் சரித்திரம் என்று சொல்லிவிடலாம். 1964-ல் ‘கிங்க்ஸ்’ கோஷ்டியின் டேவ் டேவிஸ், எல்பிக்கோ என்ற சின்னஞ்சிறு ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கீறிவிட்டு, ‘யூ ரியலி காட் மீ’ பாட்டில் உலகமே திரும்பிப் பார்த்த ஒரு நாதத்தை எழுப்பினார். 1970-ல் எரிக் கிளாப்டன் மயாமி நகரில் ‘லேலா’ ஆல்பத்தைப் பதிவு செய்தபோது, சுமார் 5 வாட் மட்டுமே தரும் ஃபெண்டர் சாம்ப் பெட்டியைப் பயன்படுத்தினார். எடி வான் ஹேலன், தம் மார்ஷலுக்குப் போகும் மின்சாரத்தை வேரியாக் என்ற கருவியால் சுமார் 90 வோல்ட்டுக்கு இறக்கினார். நம் வாசகர்கள் தயவு செய்து இதைப் பரீட்சை செய்யப் புறப்பட வேண்டாம். போலராய்டு கம்பெனியில் இன்ஜினீயராக இருந்துகொண்டே, தம் வீட்டு நிலவறையில் ‘பாஸ்டன்’ கோஷ்டியின் முதல் ஆல்பத்தைப் பெரும்பாலும் தாமே பதிவு செய்து முடித்த டாம் ஷோல்ஸ், ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்று சக்தியைச் சூடாக மாற்றி விழுங்கிவிடும் ‘பவர் சோக்’ என்ற பெட்டியைச் செய்து விற்றார்.

நிரந்தரமான பரிகாரம் கலிபோர்னியாவிலிருந்து வந்தது. ஃபெண்டரின் சிறிய பிரின்ஸ்டன் ஆம்புகளைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்த ராண்டல் ஸ்மித், பின்னாளில் மெசா பூகி என்று புகழ்பெற்ற தம் யந்திரங்களில், ஒரு சிறிய வால்வின் வெளியீட்டை மற்றொரு சிறிய வால்வுக்குள் செலுத்தி, முன் கட்டத்திலேயே அலையைச் சீவிவிட்டு, அதன்பின் எவ்வளவு சப்தம் வெளியே போகலாம் என்பதை ‘மாஸ்டர்’ என்ற தனிக் குமிழிடம் ஒப்படைத்தார். 1992-ல் வான் ஹேலனுக்காகப் பீவி கம்பெனி செய்த 120 வாட் 5150-ம், அதே காலத்து மெசா ரெக்டிஃபயரும் இந்த மார்க்கத்தில் வந்தவையே. ஆகவே ஹை கெயின் நாதத்தின் பெரும்பகுதியை உண்டாக்குவது, கட்டைவிரல் பருமன்கூட இல்லாத 12ஏஎக்ஸ்7 என்ற முன் கட்ட வால்வுகள். வாட் கணக்கோ பின் கட்டத்து வால்வுகளைப் பற்றியது. கரகரப்பைப் பற்றி அந்தக் கணக்கு நமக்கு ஏறக்குறைய எதையும் சொல்லுவதில்லை.

சரி, சப்தத்தைப் பற்றியாவது சொல்லுகிறதா என்றால், அதுவும் நாம் நினைக்கிறபடி அல்ல. செலஷன் கம்பெனியின் விண்டேஜ் 30 என்ற 12 அங்குல ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபெல் சப்தம் எழும்பும். சக்தியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் 10 டெசிபெல் குறையும். காதுக்கு அது ஏறக்குறையப் பாதிச் சப்தமாகத் தோன்றும். வாட்டில் பத்தில் ஒரு பங்கு 90 டெசிபெல், நூறில் ஒரு பங்கு 80, ஆயிரத்தில் ஒரு பங்கு 70. மனிதர் சாதாரணமாகப் பேசும் பேச்சோ சுமார் 60 டெசிபெல். எனவே வீட்டுக்கென்று 1 வாட் ஆம்பை வாங்கி வந்தவர், அதைப் பூரணமாகத் திறந்தாரானால் தெருவையே எழுப்பிவிடுவார். 20 வாட் வாங்கியவரும் 1 வாட் வாங்கியவரும் இரவு நேரத்தில் உபயோகிக்கப்போவது அதே நூறில் ஒரு பங்கு வாட்டைத்தான்.

இரண்டும் ஒன்றுதானே, சிறியதையே வாங்கலாமே என்று தோன்றலாம். ஆனால் இந்த வகைச் சங்கீதத்தின் ஜீவன், வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகள் பாலத்தில் ஏறும் இடத்தில் லேசாகப் பதித்து, தடித்த தந்தியை ‘ஜக் ஜக்’ என்று இறுக்கமாக மீட்டுவதில் இருக்கிறது. அந்தத் தந்தியின் அதிர்வு வினாடிக்குச் சுமார் 82. அவ்வளவு கீழான ஸ்வரம் குழையாமல் வர வேண்டுமானால் பின் கட்டத்தில் சக்தி மிச்சம் இருக்க வேண்டும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் கொஞ்சம் கனத்ததாக இருக்க வேண்டும். மிகச் சிறிய ஆம்புகளில் எடையும் விலையும் குறைய வேண்டும் என்பதற்காக டிரான்ஸ்ஃபார்மரைச் சுருக்கிவிடுகிறார்கள். அதனால் கீழ் ஸ்வரங்கள் சோனியாகின்றன. ஞாயிற்றுக்கிழமை பகலில், வீட்டில் எல்லோரும் வெளியே போயிருக்கும் சமயத்தில், சற்றே தாராளமாகத் திறந்து பார்த்தால் அந்த ஆம்ப் கொழகொழத்துப் போகும். ஆகையால் இடம் குறைவானாலும், 15 முதல் 25 வாட் வரையுள்ள சிற்றுருவ ஆம்பையே நான் சிபாரிசு செய்வேன்.

அந்த வகுப்பில் இன்று தேர்வுக்குப் பஞ்சமில்லை. 2006-ல் ஆரஞ்சு கம்பெனி, கைப்பிடி வைத்த ஒரு தகரப் பெட்டிக்குள் 15 வாட் ‘டைனி டெரர்’ யந்திரத்தை அடக்கி வெளியிட்டபோது, பெரிய கம்பெனிகள் எல்லாம் விழித்துக்கொண்டன. பீவி 6505 எம்எச் தன் 20 வாட்டை 5 ஆகவும் 1 ஆகவும் இறக்கிக்கொள்ளச் சுவிட்சு வைத்திருக்கிறது. மெசா மினி ரெக்டிஃபயர் 25-லிருந்து 10-க்கு இறங்கும். வான் ஹேலனுடைய ஈவிஎச் 5150III எல்பிஎக்ஸ் 15 வாட். இம்மூன்றிலும் பின் கட்டத்தில் நிற்பவை, நம் ஊர் வால்வு ரேடியோக்களிலும் ஒரு காலத்தில் பாடிக்கொண்டிருந்த இஎல்84 வால்வுகளே. மார்ஷல் டிஎஸ்எல்20 மட்டும் பெரிய இஎல்34 வால்வுகளை வைத்துக்கொண்டிருக்கிறது. எல்பிஎக்ஸின் முதல் பதிப்பில் இரண்டு சானல்களுமே உக்கிரமானவை. சுத்தமான நாதமும் வேண்டும் என்கிறவர் டிஎஸ்எல் பக்கம் திரும்புவதே உசிதம்.

பெயரையும் பெருமையையும் ஒதுக்கிவிட்டுக் கடையில் செய்ய வேண்டிய பரீட்சை ஒன்று உண்டு. மாஸ்டர் குமிழைப் பூஜ்யத்தில் வைத்து, கெயினைப் பாதிக்கு மேல் ஏற்றி, பிறகு மாஸ்டரை மெதுவாக, மயிரிழை மயிரிழையாகத் திருப்பிப் பாருங்கள். நல்ல யந்திரத்தில் சப்தம் படிப்படியாக ஏறும். மட்டமானதில் ஒரு புள்ளி வரையில் ஒன்றும் கேளாமல் இருந்து, அடுத்த புள்ளியில் திடீரென்று இடி விழும். அப்படிப்பட்டதை வீட்டில் வைத்துக்கொண்டு மாரடிக்க முடியாது. பேச்சுச் சப்தத்துக்குச் சற்று மேலே நிறுத்தி, உள்ளங்கையைப் பதித்துத் தடித்த தந்தியை மீட்டுங்கள். மீட்டலுக்கும் மீட்டலுக்கும் நடுவில் நிசப்தம் தெளிவாக விழுகிறதா, அல்லது முந்தின ஒலியின் வால் அடுத்ததின் தலையில் இடிக்கிறதா என்று கவனியுங்கள். கெயினை ஏற்ற ஏற்ற உறுமல் கூடுகிறதா, வெறும் இரைச்சல்தான் கூடுகிறதா என்பதையும் பாருங்கள்.

சப்தம் தணிந்தால் காது கீழ் ஸ்வரங்களையும் உச்ச ஸ்வரங்களையும் அதிகமாக இழக்கிறது என்பதை அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த ஃபிளெச்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். கடையில் கர்ஜித்த யந்திரம் வீட்டில் முனகுவதாகத் தோன்றுவதற்கு யந்திரத்தைவிட நம் காதே காரணம். ‘ரெசொனன்ஸ்’, ‘பிரசன்ஸ்’ என்ற குமிழ்கள் அந்த நஷ்டத்தை ஓரளவு ஈடு செய்யும். முன் கட்டத்துக்கும் பின் கட்டத்துக்கும் நடுவில் வழிவிடும் ‘எஃபெக்ட்ஸ் லூப்’ இருந்தால், அதில் ஒரு வால்யூம் பெட்டியைச் செருகி, முரட்டு மாஸ்டரையும் சாதுவாக்கிவிடலாம்.

வாட்டில் மிச்சம் பிடிக்கிற பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். கையடக்கம் என்ற மோகத்தில் ஆம்பையும் சுருக்கி, ஸ்பீக்கரையும் 8 அங்குலமாகச் சுருக்கிவிட்டால், கீழ் ஸ்வரங்களுக்கு விமோசனமே இல்லை. முதுகு மூடிய மரப்பெட்டியில் 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று போதும். கித்தார் ஸ்பீக்கர் 5,000 அதிர்வுக்கு மேற்பட்ட கீச்சொலிகளை வெகுவாகத் தடுத்துவிடுவதால்தான் அந்த நாதம் செவிக்கு இனிக்கிறது. ஹெட்ஃபோனில் கேட்க விரும்புகிறவர், ஸ்பீக்கரின் குணத்தைப் போலி செய்து தரும் வெளியீடு ஆம்பில் இருக்கிறதா என்று பார்ப்பதும் இதனாலேயே.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவை இரண்டு. ஸ்பீக்கரோ அதற்கு ஈடான லோடோ இணைக்காமல் வால்வு ஆம்பில் வாசிக்கக் கூடாது. போக வழியில்லாத சக்தி திரும்பி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைச் சுட்டுவிடும். அமெரிக்காவிலிருந்து உறவினர் மூலம் தருவிக்கிறவர், பின்பக்கத் தகட்டில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், நம் 230 வோல்ட் பிளக்கில் அதை நேராகச் செருகிவிட வேண்டாம். தகுந்த ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம். பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சர்களில் உயிர் போக்கும் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுவது நியாயம். எப்போதும் நள்ளிரவில்தான் சாவகாசம், எப்போதும் ஹெட்ஃபோன்தான் என்கிறவருக்கு வால்வு ஆம்ப் தேவையே இல்லை. நாதத்தைக் கணக்கிட்டுப் போலி செய்யும் இன்றைய டிஜிட்டல் பெட்டிகள் குறைந்த விலையில் அந்தக் காரியத்தை நிறைவாகவே செய்கின்றன. வாரத்தில் சில மணி நேரமாவது ஸ்பீக்கரின் காற்று முழங்காலில் மோத வாசிக்க முடிகிறவர் மட்டும் வால்வுக்குப் பணம் கொடுக்கட்டும். அவர் 20 வாட் வாங்கி, மாஸ்டரைக் கீழேயே வைத்திருக்கட்டும்.

அடுத்த வாரம்: ஆம்புக்கு முன்னால் வைக்கும் ‘டியூப் ஸ்க்ரீமர்’ என்ற பச்சை நிறப் பெடலை, டிரைவ் குமிழைப் பூஜ்யத்தில் வைத்துக்கொண்டே மெட்டல் வாத்தியக்காரர்கள் ஏன் மிதிக்கிறார்கள்?