காவலர் உளப்புண்ணும் அதற்குரிய ஈடும்

புதுவைக்குத் தெற்கே, கடற்கரைப் பக்கமாக அமைந்த சிற்றூர் பூரணாங்குப்பம். இவ்வூரினர் ஒருவர் புதுவைக் காவற்படையிற் சேர்ந்தனர் எனக் கொள்வோம். கடலில் மூழ்கி ஒதுங்கிய உடலைக் கரைசேர்த்தலும், நள்ளிரவிற் சிதைந்து கிடக்கும் வண்டியினின்று குழந்தையை எடுத்தலும் அவர்க்கு நாட்கடமை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை மோதிய காலத்துப் பணியிலிருந்தோர் கண்டவற்றைச் சொல்லவும் வேண்டுமோ? பல்லாண்டு கழிந்தபின் அவர்க்கு உறக்கம் ஒழிகின்றது. கதவு தட்டும் ஓசைக்கும் உடல் நடுங்குகின்றது. கையில் முறிவு இல்லை. காலிற் காயம் இல்லை. “பணியால் என் உள்ளம் புண்பட்டது, அதற்கு ஈடு தருக” என்று அவர் கேட்பாராயின், அவ்வழக்கைத் தீர்ப்பது எங்ஙனம்? இதனையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கென்பர் தொல்காப்பியர். தெய்வமும் கொடுவிலங்கும் ஒருபுறம் நிற்க, எஞ்சிய இரண்டு கள்வரும் தமக்கு மேலானோரும் ஆம். இவ்விரண்டையும் ஒரே நாளிற் காணும் தொழில் காவற்றொழிலன்றி வேறு யாது? தமிழ் பயில்வார்க்கு இது நகையாகத் தோன்றினும் தோன்றுக. எமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டு பிறந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் பெரிதும் விபத்தையே நோக்கியது. அதன் தொழில்நோய் அட்டவணையில் ஈயநஞ்சும் நுரையீரல் நோயும் இடம்பெற்றன, உளநோய் இடம்பெறவில்லை. சர்க்கார் ஊழியர்க்கோ வேறொரு வழி உண்டு. புதுவை ஒன்றியப் பகுதியாதலின், அதன் ஊழியர்க்கு நடுவணரசின் ஓய்வூதிய விதிகள் வழங்குகின்றன. அவற்றுள் தனிநிலை ஓய்வூதிய விதிகள் 1939-இல் எழுந்தவை, 2023-இல் புதுக்கப்பட்டன. ஊழியரின் நோய் பணியால் விளைந்ததா, அன்றிப் பணியால் மிகுந்ததா என்பதே அவ்விதிகள் எழுப்பும் வினா. ‘மிகுந்தது’ என்னும் சொல்லை நோக்குக. முன்னரே சிறிதளவு இருந்த நோயும் பணியின் பளுவால் முற்றியதாயின் உரிமை அழியாது. பழைய விதிகளோடு சேர்ந்த அட்டவணை, மன இறுக்கத்தால் தாக்குறும் நோய்களுள் உளநோயையும் வைத்து எண்ணிற்று. ஆகவே வாயில் அடைபட்டதன்று. ஆயினும் மருத்துவக் குழுவின் முன் காரணத்தை மெய்ப்பித்த பின்னரே அதனுட் புகலாகும்.

ஈடு பெறுதல் ஒன்று. வேலையை இழவாதிருத்தல் மற்றொன்று. குடும்பத்தைத் தாங்குவார்க்குப் பின்னதே பெரிது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, பணிக்காலத்திற் குறையுற்ற சர்க்கார் ஊழியரை நீக்கலும் பதவி தாழ்த்தலும் ஆகா என்கின்றது. பழைய பணிக்கு அவர் தகாராயின், அதே சம்பளத்தில் வேறு பணி தரல் வேண்டும். உளநோயும் அச்சட்டம் கூறும் குறைகளுள் ஒன்று.

இது பற்றி உச்சநீதிமன்றம் 2021 டிசம்பர் 17-ஆம் நாள் அளித்த தீர்ப்பு கருதத்தக்கது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் அதிகாரி ஒருவர் உளநோயுற்றிருந்தார். அச்சமூட்டும் சொற்களைப் பேசினார் என்பது முதலிய குற்றங்களின்மேல் அவரைப் படை விசாரணைக்கு உட்படுத்திற்று. நோயே நடத்தைக்கு முழுக்காரணம் என்று காட்ட வேண்டுவதில்லை, காரணங்களுள் ஒன்றாயிருப்பினும் அமையும் என்றது நீதிமன்றம். விசாரணையை ஒழித்து, வேறு பணிக்கு மாற்ற நேரின் சம்பளம் குறையலாகாது என்றும், அப்பணியில் துப்பாக்கி அவர் கையில் இராதபடி பார்த்துக்கொள்ளலாம் என்றும் வகுத்தது. இவ்விறுதிக் கூற்று எமக்கு மிகவும் பிடித்தது. பிறர் அச்சத்தையும் மதித்து, நோயுற்றாரையும் கைவிடாத தீர்ப்பு அது. ஆயினும் ஒன்று மறக்கற்பாலதன்று. சில பதவிகளுக்கு இப்பிரிவினின்று விலக்களிக்க அரசிற்கு அதிகாரம் உண்டு. 2021 ஆகஸ்டில் மத்திய ஆயுதப்படைகளின் போர்நிலைப் பதவிகள் அவ்வாறு விலக்கப்பட்டன. தம் பதவி விலக்குண்டதா என்பதைக் காவலர் முதற்கண் அறிதல் வேண்டும்.

ஈட்டின் வழக்கோ பிற நாடுகளிலும் எளிதாக முடிந்ததன்று. 1989-இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ பந்தாட்டக் களத்தில் நெரிசலிற் சிக்கி மாண்டோர் பலர். அங்கே உடல்களை எடுத்த காவலர் சிலர் உளப்புண் கூறி வழக்காடினர். 1996-இல் மேல்முறையீட்டு மன்றம் அவர்க்கு இணங்கிற்று; 1998-இல் பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. மாண்டாரின் உறவினர்க்கே ஈடு மறுக்கப்பட்டிருக்கக் காவலர்க்கு வழங்குதல் முறையாகுமோ என்பது அங்கெழுந்த தடைகளுள் ஒன்று. அவ்வுறவினர் துயரை எண்ணுவார்க்கு இத்தடை பொருளற்றதாகத் தோன்றாது. எனினும் இருவர்க்கும் மறுத்தலால் எவர் புண் ஆறிற்று என்று வினவத் தோன்றுகின்றது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணம் 2016-இல் வேறு நெறி கண்டது. காவலர், தீயணைப்போர் முதலியோர்க்கு அதிர்ச்சிக்குப் பிந்திய உளநோய் உண்டென்று தக்க மருத்துவர் உறுதிசெய்வாராயின், அது பணியால் வந்ததென்றே முதற்கண் கொள்ளப்படும். அன்றென்பார் அன்றெனக் காட்டுக என்பது அதன் கருத்து. மெய்ப்பிக்கும் சுமை இங்ஙனம் தோள் மாறிற்று.

நம் பூரணாங்குப்பத்துக் காவலரிடம் மீள்வோம். அவர் தோளில் அச்சுமை இன்னும் இருக்கின்றது. உறக்கமிழந்த முதல் மாதத்தில், உளநோய் என்று எழுதினால் உடனுழைப்போர் எள்ளுவர், பதவி உயர்வு தடைப்படும் என்று அஞ்சி, விடுப்புச் சீட்டிற் ‘காய்ச்சல்’ என்று எழுதுவித்துக்கொண்டார் எனக் கொள்வோம். ஆண்டு சில சென்றபின் மருத்துவக் குழு கூடுகின்றது. அவர் கண்ட உடல்களை அக்குழு காணாது. அவர் விழித்திருந்த இரவுகளையும் காணாது. அதன் முன் விரிக்கப்படுவது அந்தச் சீட்டுத்தான்.