மூளை அழற்சிக்குக் கஞ்சா எண்ணெயா? அண்ணனுக்குச் சொன்ன பதில்

போன மாதம் ஆண்டிமடம் போயிருந்தேன். பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததுமே அண்ணன் போனை நீட்டினார். "தம்பி, இத கொஞ்சம் படிச்சுப் பாரு. மூளை வீக்கத்த கஞ்சா எண்ணெய் கொறைக்குதாம். ஞாபக மறதியே போயிடுமாம். அப்பாவுக்கு வாங்கலாமா?"

பெரியப்பாவுக்கு அல்சைமர் என்று தெரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. முந்திரித் தோப்பில் எந்த மரம் எவ்வளவு காய்க்கும் என்று மனசுக்குள்ளேயே கணக்கு வைத்திருந்தவர். அன்றைக்கு என்னைப் பார்த்து "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டார். அண்ணனின் அவசரம் புரிந்தது. படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று வந்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கும்.

முதலில், இந்த 'வீக்கம்' என்ன? சரியான சொல் அழற்சி. அல்சைமரில் மூளை வீங்குவதில்லை, சுருங்குகிறது. மூளைக்குள் மைக்ரோக்ளியா என்ற செல்கள் இருக்கின்றன. தோப்புக் காவல்காரர் மாதிரி. கிருமி வந்தாலோ, செல் செத்தாலோ பாய்ந்து வந்து அப்புறப்படுத்தும். அப்போது சைட்டோகைன் என்ற வேதிப்பொருட்களை வெளியிடும். வேலை முடிந்ததும் அடங்க வேண்டும். அல்சைமரில் அமிலாய்டு என்ற புரதக் கசடு அப்படியே கிடக்கிறது, காவல்காரரும் கம்பைக் கீழே வைப்பதில்லை. கடைசியில் நல்ல நரம்புச் செல்களுக்கும் அடி விழுகிறது.

இதில் கஞ்சா எங்கே வருகிறது? அந்தச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினாய்டுகள் உண்டு. முக்கியமானவை இரண்டு. போதை தருவது டி.எச்.சி.; போதை தராதது சி.பி.டி. எங்க ஊர்க்காரர்களுக்கு இது புதுசில்லை. முந்திரிக்கொட்டையின் ஓட்டு எண்ணெய் கையைப் புண்ணாக்கும், உள்ளே இருக்கும் பருப்பைச் சாப்பிடலாம். ஒரே கொட்டைதான்.

1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியல் கவோனியும் டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைச் சொன்னார்கள். அது போய் ஒட்டும் இரண்டு ஏற்பிகள், சி.பி.1-ம் சி.பி.2-ம், 1990-லும் 1993-லும் அடையாளம் காணப்பட்டன. நடுவில் 1992-ல், நம் உடலே சுரக்கும் கன்னாபினாய்டு ஒன்று கிடைத்தது. 'ஆனந்தம்' என்ற சொல்லை வைத்தே அதற்கு ஆனந்தமைடு என்று பேர் வைத்தார்கள். சி.பி.2 பெரும்பாலும் நோய் எதிர்ப்புச் செல்களில் இருக்கிறது. மைக்ரோக்ளியா கிளர்ச்சியடையும்போது அதிலும் கூடுகிறது. அதைத் தொட்டால் காவல்காரர் அடங்குவாரா? இதுதான் ஆராய்ச்சியின் ஆசை.

ஆசைக்கு ஆதாரமும் உண்டு. 2005-ல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் எலிகளின் மூளையில் அமிலாய்டைச் செலுத்தி, செயற்கைக் கன்னாபினாய்டு கொடுத்தார்கள். மைக்ரோக்ளியா அடங்கியது, எலிகளின் கற்கும் திறனும் காப்பாற்றப்பட்டது. அண்ணனுக்கு வந்த செய்தியின் வேர் இந்த மாதிரி ஆய்வுகள்தான். பொய் இல்லை. ஆனால் எலி.

மனிதர்களிடம் என்ன ஆனது? டெக்சனாபினால் என்று ஒரு செயற்கைக் கன்னாபினாய்டு. தலையில் அடிபட்ட விலங்குகளில் மூளைச் சேதத்தைக் குறைத்தது. பிறகு 15 நாடுகளில் தலைக்காயம் பட்ட 861 பேரை வைத்துச் சோதித்தார்கள். 2006-ல் முடிவு வந்தது: பலன் இல்லை. அடுத்து, நரம்பு அழற்சி நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். பிரிட்டனில் நோய் முற்றிக்கொண்டு வந்த சுமார் 500 பேரைச் சேர்த்து, டி.எச்.சி.யையும் போலி மருந்தையும் மூன்று வருஷம் ஒப்பிட்டார்கள். 2013-ல் வந்த முடிவு: நோயின் வேகம் குறையவில்லை.

அப்படியென்றால் எதற்குமே உதவாதா? உதவுகிறது, வலிப்புக்கு. அதன் கதை நம் நாட்டிலேயே தொடங்குகிறது. 1839-ல் கல்கத்தாவில் ஓஷாக்னசி என்ற மருத்துவர், விடாமல் வலிப்பு வந்த 40 நாள் குழந்தைக்குக் கஞ்சாச் சாற்றைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்ததைப் பதிவு செய்தார். குழந்தை பிழைத்தது. ஆனால் ஒரு குழந்தை பிழைத்தது நிரூபணம் ஆகாது. நிரூபணம் 2017-ல்தான் வந்தது. டிராவெட் என்ற கடுமையான வலிப்பு நோய் உள்ள 120 பேர், குழந்தைகளும் இளம் வயதினரும். தூய சி.பி.டி. பெற்றவர்களுக்கு மாதம் 12.4 ஆக இருந்த வலிப்பு 5.9 ஆகக் குறைந்தது. போலி மருந்து பெற்றவர்களுக்கு 14.9-லிருந்து 14.1 மட்டுமே. 2018-ல் அமெரிக்கா அதை மருந்தாக அனுமதித்தது. இந்தப் பலன் சி.பி.1, சி.பி.2 வழியாக வருவதாகத் தெரியவில்லை. அழற்சி குறைந்ததால் வந்த பலன் என்றும் நிரூபணம் இல்லை.

அல்சைமரில்? 2019-ல் கனடாவில் 39 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வில், நாபிலோன் என்ற செயற்கைக் கன்னாபினாய்டு நோயாளிகளின் பதற்றத்தையும் கோபத்தையும் குறைத்தது. கூடவே தூக்கமயக்கமும் வந்தது. பதற்றம் குறைவது வேறு, நோய் நிற்பது வேறு.

கடையில் கிடைப்பது இன்னொரு சிக்கல். 1985 போதைப்பொருள் சட்டத்தில் பூவும் காயும் உள்ள நுனிதான் கஞ்சா. நுனி சேராத வெறும் இலை அதில் வராது. அந்த வழியில்தான் 'விஜயா' என்ற ஆயுர்வேதப் பேரோடு எண்ணெய்கள் விற்பனைக்கு வருகின்றன. ஆய்வில் கொடுத்தது தூய்மையும் அளவும் தெரிந்த மருந்து. இதுவும் அதுவும் ஒன்றல்ல. மேலும் பல மாத்திரைகளைக் கரைக்கும் ஈரல் நொதிகளை சி.பி.டி. மந்தமாக்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு அது ஆபத்து. வயசானவருக்கு மயக்கம் வந்தால் விழுவார், இடுப்பெலும்பு போகும்.

இதையெல்லாம் போனில் சொன்னேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப வேணாங்கிற?"

"மறதி போயிடும்னு நம்பி வாங்காதீங்கண்ணே. இருக்குற மாத்திரைய நிறுத்தவே கூடாது. ராத்திரியில பெரியப்பா தூங்காம பதறுறாருல்ல, அத டாக்டர்ட்ட சொல்லுங்க. அதுக்கு வழி இருக்கு."

"சரி, திங்கக்கிழமை கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

உங்களுக்கும் இப்படி ஒரு செய்தி வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். சோதித்தது எலியிலா, மனிதரிலா? குறைந்தது அழற்சியா, நோயா? கொடுத்தது மருந்தா, பாட்டில் எண்ணெயா?