சினிமாவின் பிறந்தநாளில் ஓடிய முதல் படமே தொழிலாளர் படம்தான், தெரியுமா?

கொடைக்கானல் என்றதும் சினிமா ரசிகர்கள் வாயில் முதலில் வருவது குணா குகைதான். கொஞ்சம் கீழே இறங்கி வாருங்கள். வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஊத்து என்ற இடத்தில் பிரிந்து தாண்டிக்குடி பக்கம் போனால் பண்ணைக்காடு. காப்பி, மிளகு, மலைவாழை விளையும் ஊர். இந்த ஊரை நடுவில் வைத்துச் சுற்றிலும் பாருங்கள்: தெற்கே தேனி மலையோரம், மேற்கே மூணாறும் வால்பாறையும், தலைக்கு மேலே கொடைக்கானல். தமிழில் உழைப்பாளிகளைப் பற்றி வந்த அசத்தலான படங்களில் பலவற்றுக்கு இந்த மலைகளில்தான் வேர்!

முதலில் ஒரு நெடுந்தூரத் தாவல். சினிமாவின் பிறந்தநாள் என்று உலகம் கொண்டாடுவது 1895 டிசம்பர் 28. பாரிஸில் லூமியர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு பத்துக் குட்டிப் படங்கள் காட்டினார்கள். அதில் முதலாவதாக ஓடியது எது தெரியுமா? லியோன் நகரத்தில் அவர்களுடைய சொந்தத் தொழிற்சாலையின் கதவு திறக்கிறது, வேலை முடிந்து தொழிலாளர்கள் வெளியே வருகிறார்கள். அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட ஓடாது! ராஜா இல்லை, ராணி இல்லை. திரையில் முதலில் நடந்து வந்தவர்கள் கூலிக்கு உழைத்தவர்கள், அதிலும் பாதிக்கு மேல் பெண்கள்.

இப்போது நம் பக்கம். 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) பார்த்திருப்பீர்கள். லெனின் பாரதி இயக்கி, விஜய் சேதுபதி தயாரித்த படம். ஏலக்காய் மூட்டையைத் தோளில் ஏற்றி மலையேறி இறங்கும் ரங்கசாமிக்கு ஒரே ஆசை, ஒரு துண்டு நிலம். நிலத்துக்காகச் சேர்த்த காசு ஏலக்காயாக மாறி, அந்த மூட்டை கைநழுவிப் பள்ளத்தாக்கில் உருளும் இடத்தில் திரையரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. மலையோர ஊர்க்காரர்கள் பலரே அதில் நடித்தார்கள். சாக்கோ என்ற தொழிற்சங்கத் தோழர் வருகிறார், எனக்கு மறக்கவே முடியாத பாத்திரம். ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர்.

அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு வருஷம் கழித்து, 2024 ஆகஸ்டில் மாரி செல்வராஜின் 'வாழை' வந்தது. வாழைத்தார் சுமக்கும் தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளின் கதை. அதற்கும் ஒளிப்பதிவு அதே தேனி ஈஸ்வர்! ஏலக்காய் மூட்டையையும் வாழைத்தாரையும் பார்த்தது ஒரே கண்! 'வாழை'யில் சண்டை எதற்கு? தாருக்கு ஒரு ரூபாய் கூலி ஏற்றித் தரச் சொல்லித்தான். வியாபாரி வேறு வழியில்லாமல் ஒத்துக்கொள்கிறார். பிறகு செலவை மிச்சம் பிடிக்க, சுமைக்காரர்களைத் தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்கார்த்தி அனுப்புகிறார். அதன் பிறகு நடப்பதைப் படம் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

பண்ணைக்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சும்மாட்டுத் துணி, அதன் மேல் தார், வெட்டிய காம்பிலிருந்து வடியும் பால். அது சட்டையில் பட்டால் வாழைக்கறை, எந்தச் சோப்புக்கும் போகாது. தார் தூக்குகிறவரை அவர் சட்டையின் தோள்பட்டையே காட்டிக்கொடுத்துவிடும். சரிவில் கால் வழுக்கினால் தாரும் போச்சு, முட்டியும் போச்சு. இந்தக் கீழ்ப்பழனி மலையில் விளையும் விருப்பாச்சி மலைவாழைக்குப் புவிசார் குறியீடு உண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் அதே குறியீடு கிடைத்தது, அந்தப் பஞ்சாமிர்தத்தின் உயிரும் இந்த மலைவாழைதான். ஒரு காலத்தில் முடிக்கொத்து நோய் வந்து இங்கே தோட்டம் தோட்டமாக வாழையை அழித்துவிட்டது. தோட்டக்காரருக்கு மகசூல் போனது, தார் சுமந்தவருக்கு அன்றாடக் கூலியே போனது. யாராவது இதைப் படமாக எடுங்களேன் என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது!

'மேற்குத் தொடர்ச்சி மலை'க்கு இசை யார்? இளையராஜா. இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? 1958இல் கேரளத்தில் தேவிகுளம் இடைத்தேர்தல். தேயிலைத் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளர்கள். கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் பாடியவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன், இளையராஜாவின் அண்ணன். ரோசம்மா ஜெயித்தார்! அண்ணனுடைய அந்தக் கச்சேரிக் குழுவில்தான் சிறுவன் ராசய்யா, அதாவது நம் இளையராஜா, பாடத் தொடங்கினான். அறுபது வருஷத்துக்குப் பிறகு அதே மலைத்தொடரின் கூலிக்காரர்கள் கதைக்கு அவரே இசை!

பாலாவின் 'பரதேசி' (2013) எங்கிருந்து வந்தது? வால்பாறை எஸ்டேட்டுகளில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல், ஆள்பிடிக்கும் கங்காணிகளின் பொய்யை நம்பி மலையேறி மாட்டிக்கொண்டவர்களின் கதையை 1969இல் 'ரெட் டீ' என்று ஆங்கில நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதைத் தமிழில் 'எரியும் பனிக்காடு' ஆக்கினார். படத்துக்கு விதை அந்த நாவல்தான்.

சமவெளிக்கு ஒரே ஒரு தடவை இறங்குவோம், 'பாதை தெரியுது பார்' (1960) படத்தை விட்டுவிட்டால் பாவம். தொழிற்சங்கத்தை நடுவில் வைத்துத் தமிழில் எடுத்த படம். இடதுசாரி நண்பர்கள் பலர் பங்கு போட்டுத் தயாரித்தார்கள். இயக்கியவர் வங்காளத்தின் நிமாய் கோஷ். தேசப் பிரிவினை அகதிகளைப் பற்றி, அகதிகளையே நடிக்கவைத்து 'சின்னமூல்' எடுத்தவர். இசை எம்.பி. சீனிவாசன். பாட்டு எழுதியவர்களில் ஒருவர், நம்புங்கள், ஜெயகாந்தன்! கதாநாயகன் கே. விஜயன், பின்னாளில் சிவாஜிக்குத் 'திரிசூலம்' இயக்கியவரே இவர்தான். இன்னும் ஒன்று: நிமாய் கோஷும் எம்.பி.சீனிவாசனும் படத்தோடு நிற்கவில்லை, சினிமாத் தொழிலாளர்களுக்கே சங்கம் கட்ட உழைத்தார்கள்.

மறுபடி மலைக்கு. 2015 செப்டம்பர், மூணாறு தேயிலைத் தோட்டங்கள். போனஸை 20 சதவீதத்திலிருந்து 10ஆகக் குறைத்துவிட்டார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்களையே கிட்டே வராதே என்று விரட்டிவிட்டார்கள்! அந்தப் பெண்களின் அமைப்புக்குப் 'பெம்பிளை ஒருமை' என்று பெயர். ஒன்பது நாளில் போனஸும் கருணைத் தொகையுமாக 20 சதவீதம் கைக்கு வந்தது. இதே போன்ற கதை அமெரிக்காவில் 1954லேயே படமாகிவிட்டது தெரியுமா? 'சால்ட் ஆஃப் தி எர்த்'. நியூ மெக்ஸிகோ துத்தநாகச் சுரங்கத்தில் ஆண்கள் மறியல் செய்யக் கோர்ட் தடை போட்டது. மனைவிமார் மறியலில் இறங்கினார்கள். சங்கத் தலைவரே கதாநாயகன். கதாநாயகியைப் படப்பிடிப்பு நடக்கும்போதே நாடு கடத்தினார்கள். அப்படியும் படத்தை முடித்தார்களே!

கடைசியாக நம் தலைக்கு மேலேயே நடந்தது. கொடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை, அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது. பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பும் அம்பலமாக்க, அந்த ஆண்டே ஆலை மூடியது. பாதரசத்தால் தொழிலாளர் உடல்நிலை கெடவில்லை என்பது கம்பெனியின் வாதம். வேலை பார்த்தவர்கள் விடவில்லை, சங்கமாகச் சேர்ந்து வருஷக் கணக்கில் போராடினார்கள். 2015 ஜூலையில் வந்தது 'கொடைக்கானல் வோன்ட்', மூன்று நிமிஷம்கூட இல்லாத ராப் வீடியோ! பாடியவர் சோஃபியா அஷ்ரஃப், இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். மெட்டு நிக்கி மினாஜின் 'அனகோண்டா'. அந்த நிக்கி மினாஜே அதை ட்விட்டரில் பகிர, லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் கம்பெனி உடன்பாட்டில் கையெழுத்திட்டது. பதினைந்து வருஷப் போராட்டம்!

மண்ணில் கலந்த பாதரசம்? வெளிநாட்டில் எந்த அளவுக்குச் சுத்தம் செய்வார்களோ அதே அளவுக்கு இங்கேயும் செய் என்று கேட்டு 2018இல் இரண்டாவது வீடியோ வந்தது. இந்த முறை சோஃபியாவோடு கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் பாடினார். இரண்டும் யூடியூபில் கிடைக்கின்றன, 2015இல் வந்ததை முதலில் பாருங்கள்.