புதிய இசைக்கு ஒரு நால்வர் குழு

1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியற்றில் நகரிலே டேவிட் ஹறிங்ற்றன் என்னும் இளம் வயலின் வித்துவான் வானொலியிற் கேட்ட ஓர் இசைப்படைப்பு அவர் வாழ்வையே மாற்றிற்று. ஜோர்ஜ் கிறம் 1970இல் இயற்றிய 'கரிய தேவதூதர்' என்பதே அது. வியட்னாம் போரின் நிழல் படிந்த படைப்பு. வாத்தியக்காரர் எண்களைப் பல மொழிகளிற் கூவுவர். நீர் வார்த்த கண்ணாடிக் கிண்ணங்களின் விளிம்பில் வில்லை இழுத்து நாதம் எழுப்புவர். முதன்முறை கேட்டபோது எனக்கு அது வெறும் இரைச்சலாகவே பட்டது. மூன்றாம் முறையிலேதான் அதனுள் இருந்த அழுகுரல் செவிக்கு எட்டியது.

அதனை வாசிக்கும் ஆவலிற் பிறந்ததே குறோனொஸ் குழு. இரு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ, பழைய அமைப்புத்தான். ஆனால் மறைந்த மேதைகளின் இசையோடு நில்லாது, வாழும் இசையாசிரியரிடம் புதியன கேட்டு வாங்கினர். முதற்படைப்புக்கு அவர்கள் கொடுத்த சன்மானம் ஒரு பை இனிப்புப் பணியாரமாம்! பின்னர் ஸ்டீவ் றைக், அசர்பைஜான் பெண்மணி பிராங்கிஸ் அலி-சாதே முதலியோர் அவர்களுக்கென எழுதினர். இவ்வாறு ஆயிரத்துக்கு மேற்பட்ட படைப்புகளும் இசையமைப்புகளும் சேர்ந்தன.

எனினும், புதிய இசைக்கு முதல் அரங்கேற்றத்தினும் இரண்டாவது அரங்கேற்றமே அரிது. சுவரக்குறிப்பு ஏடு விலை மிகுந்தது. பிறர் வாசியாவிடின் படைப்பு பெட்டிக்குள்ளேயே உறங்கும். ஆகவே 2015இல் ஐம்பது புதிய படைப்புகளை எழுதுவிக்கும் முயற்சியை அவர்கள் தொடங்கினர். எழுதியோரிற் பாதிப்பேர் பெண்கள். அவற்றின் குறிப்பு ஏடுகளை எந்நாட்டு மாணவரும் இணையத்தில் விலையின்றிப் பெற்று வாசிக்கலாம்.