விடுதியில் தங்கும்போது

விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்லும் வழியில், தங்கும் விடுதியில் ஓர் இரவைக் கழிக்க நேரலாம். அறைக்குள் நுழைந்ததும் தாழ்ப்பாள் சரியாக உள்ளதா எனப் பார்க்க வேண்டும். யாரேனும் கதவைத் தட்டினால், பெற்றோரிடம் கூறாமல் திறத்தல் கூடாது. பணம் முழுவதையும் ஒரே பையில் வைத்தல் கூடாது. வெளியே செல்லும்போது பெட்டியைப் பூட்டிச் செல்லுதல் நன்று.

இவை அனைத்தினும் இன்றியமையாதது ஒன்று உண்டு. உங்கள் அறைக்கும் மாடிப்படிக்கும் இடையே எத்தனை கதவுகள் உள்ளன என முன்னரே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். தீப்பற்றினால் புகையில் கண் தெரியாது. மின்தூக்கியிலும் ஏறக் கூடாது. குனிந்து, சுவரைத் தொட்டபடி கதவுகளை எண்ணிச் சென்றால் படியை அடையலாம். வெளியேறியதும் 112 என்னும் அவசர எண்ணை அழையுங்கள். பெட்டியை எடுக்கத் திரும்பிச் செல்லாதீர்கள். பொருளை மீண்டும் ஈட்டலாம். உயிரை ஈட்ட இயலாது.