பவளத் தொட்டியில் சுண்ணாம்பு நீர்

தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் மூச்சை ஊதினால் அது பால்போல் கலங்குவதை வகுப்பில் கண்டிருப்பீர்கள். அந்த நீரே வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்க்கவும் உதவுகிறது.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அதைக் கொண்டே பவள உயிர்கள் தம் கூட்டைக் கட்டுகின்றன. கடலில் அது தீராது. தொட்டியிலோ விரைவில் குறைந்துவிடும். ஆகவே, தொட்டியில் ஆவியாகிப் போகும் நீருக்கு ஈடாக, சுண்ணாம்பு நீரில் மேலே நிற்கும் தெளிவை மட்டும் சேர்ப்பார்கள். 1970களில் ஐரோப்பாவில் பீட்டர் வில்கென்ஸ் இம்முறையைப் பரப்பினார்.

ஆனால் சொட்டுச் சொட்டாகத்தான்! கடல்நீரின் பி.எச். மதிப்பு ஏறக்குறைய 8.2, சுண்ணாம்பு நீருக்கோ 12க்கும் மேல். மொத்தமாகக் கொட்டினால் மீன்கள் மடியலாம். கால்சியமும் வெண்பொடியாகப் படிந்து வீணாகும். இரவே ஏற்ற நேரம். அப்போது ஒளிச்சேர்க்கை நடப்பதில்லை. உயிர்கள் வெளிவிடும் கரியமில வாயு நீரில் மிகுந்திருக்கும். அது காரத்தைத் தணித்து, பைகார்பனேட்டாக மாறிப் பவளத்துக்கே பயன்படுகிறது.