ஊரிலே பிறக்கும் மின்சாரம்

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிறு முற்பகலில், பாணந்துறை உபமின் நிலையத்தினுள் குரங்கொன்று மின்கருவியைத் தீண்டியது. சற்று நேரத்தில் இலங்கை முழுவதிலும் மின்சாரம் தடைப்பட்டது. கேட்டு நகைத்தோர் பலர். ஆயினும், தெற்கே நேர்ந்த பழுது வடக்கே கிராமத்து மருத்துவமனையின் தடுப்பு மருந்துக் குளிர்ப்பெட்டியையும் நிறுத்துமாயின், அது நகைப்புக்குரியதன்று.

அன்று வெயிலுக்குக் குறைவில்லை. வீட்டுக் கூரைகள் பலவற்றிலே சூரிய மின்தகடுகளும் இருந்தன. அவை ஏன் உதவவில்லை? மாணவர்கள் இதனை அறிதல் நன்று. நம் நாட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 50 முறை அலைவது. கூரைத் தகட்டோடு இணைந்த சாதாரணக் கருவி, பெருவழியில் வரும் அவ்வலைவைப் பின்பற்றியே இயங்கும். பெருவழி ஓய்ந்தால் தானும் ஓயும். இன்றேல், கம்பியைப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் உயிருக்கே ஆபத்தாகும்.

ஆகவே, ஊரிலே மின்சாரம் பிறந்தால் மட்டும் போதாது. அதனைச் சேமிக்கப் பற்றறி வேண்டும். பெருவழியிலிருந்து பிரிந்து நின்று, அலைவைத் தானே வகுக்கவல்ல கருவியும் வேண்டும். இவ்விரண்டும் அமைந்தால், நாடு இருண்ட வேளையிலும் ஊர் இருளாது.

இதற்கு எடுத்துக்காட்டு நம் தீவகத்திலேயே உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன பெருவழியோடு இணையாது டீசல் இயந்திரங்களை நம்பி வாழ்ந்தவை. டீசலோ கடல் கடந்து வரவேண்டும். எழுவைதீவிலே காற்று, வெயில், பற்றறி, டீசல் ஆகிய நான்கையும் ஒருங்கிணைத்த அமைப்பு முதலில் நிறுவப்பட்டது. ஏனைய மூன்று தீவுகளுக்கும் இந்திய நன்கொடையில் இத்தகைய அமைப்புகளை நிறுவ 2024 மார்ச்சில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. சூரிய ஒளியால் 1,700 கிலோவாற்று, காற்றால் 530 கிலோவாற்று என்பது திட்டம். வெயிலும் காற்றும் ஓய்ந்து, பற்றறியும் குறைந்த வேளையிலேதான் டீசலுக்கு வேலை.

மலைநாட்டிலோ ஓடையே செல்வம். 20 மீற்றர் உயரத்திலிருந்து செக்கனுக்கு 50 லீற்றர் நீர் வீழின், இழப்புப் போக ஏறக்குறைய 5 கிலோவாற்று கிடைக்கும். வீட்டுக்கு 100 வாற்று வீதம் 50 வீடுகளுக்கு அது போதும். இத்தகைய சிறு நிலையங்களை ஊர்ச் சங்கங்களே நடத்தி வந்தன. ஆயினும், பெருவழிக் கம்பி ஊரை அடைந்ததும் பல நிலையங்கள் பராமரிப்பின்றிக் கைவிடப்பட்டன. பெருவழி வந்தபின் ஊர்நிலையம் வேண்டாத பொருள் என்று எண்ணியதன் பயன் அது.

இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பெருவழி அன்றாடத்துக்கு, ஊர்நிலையம் ஆபத்துக்கு. ஊர்தோறும் முதற்கண் மருத்துவமனைக்கும், குடிநீர்ப் பம்பிக்கும், பாடசாலைக்கும் இவ்வசதி கிட்டுதல் வேண்டும். பற்றறி தேய்ந்தால் மாற்றுதற்கு ஊர்மக்கள் இன்றே சிறுநிதி சேர்த்தலும் வேண்டும். தன் கையே தனக்குதவி என்பது மின்சாரத்துக்கும் பொருந்தும்.